அப்பாயி பெட்டியில் கிடைத்த 1971 மனைப் பட்டா: மனை மட்டும் வந்தது, நிலம் ஏன் வரவில்லை?

செங்காந்தள் கேட்டது:

வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் திருவாரூர் மாவட்டம், கோட்டூர் பக்கம். நான் வேலை பார்ப்பது கோயம்புத்தூரில். ஊரில் வீட்டை இடித்துக் கட்ட வேண்டும், அதற்கு மனைக்குப் பட்டா வேண்டும் என்று அம்மா சொன்னதால் அப்பாயியின் தகரப் பெட்டியைக் கிளறினோம். மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு காகிதம் கிடைத்தது. தாத்தா பெயர், ஒரு சர்வே எண், ஐந்து சென்ட் சொச்சம் என்று விஸ்தீரணம், மேலே 1971-ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் என்ற அச்சு. தாத்தா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

இதை வைத்து வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. மனை கலைஞர் கொடுத்தது என்கிறார் பெரியப்பா. மாமா பழைய விவசாயச் சங்கத்துக்காரர். "எவரும் கொடுக்கவில்லை, சங்கம் வாங்கியது" என்கிறார். அப்பாயியைக் கேட்டால் வேறு கதை சொல்கிறது. "காரியக்காரன் வந்து கூரையைப் பிரிக்காம இருந்தானே, அது போதும்" என்கிறது. காரியக்காரன் என்றால் பண்ணைக்காக வேலை வாங்கும் ஆள்.

எனக்கு மூன்று சந்தேகம். இந்தச் சட்டம் எதற்காக வந்தது? எங்கள் தெருவுக்கு எதிரேயே ஒரு பண்ணைக்கு, எங்கள் பக்கத்து அளவில் சொன்னால், வேலி வேலியாக நிலம் இருந்ததாம். நில உச்சவரம்புச் சட்டம் வந்தும் தெருவில் ஒருத்தருக்கும் ஒரு மா நிலம்கூட வரவில்லையே, ஏன்? மூன்றாவது, இந்தக் காகிதத்துக்கு இப்போது மதிப்பு உண்டா? தாலுகா அலுவலகத்தில் விசாரித்தால், "கம்ப்யூட்டரில் வேற பேர் வருது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மன்னை மைனர் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில்: உச்சவரம்பு வருகிறது என்பது நிலம் வைத்திருந்தவர்களுக்கு நமக்கு முன்னாலேயே தெரியும். பிள்ளை பேரில், மருமகன் பேரில், பிறக்காத பேரன் பேரில் எல்லாம் எழுதியாகிவிட்டது. நாய் பேரில் எழுதினார்கள் என்றுகூட எங்கள் ஊரில் கதை உண்டு. நாய் கையெழுத்துப் போட்டதா என்று கேட்காதீர்கள்.

பழைய வி.ஏ.ஓ. எழுதியது:

அம்மா, நான் ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர். 1980-ல் எம்.ஜி.ஆர். கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை), மணியம் என்ற பரம்பரைப் பதவிகளை ஒழித்தாரே, அதற்குப் பிறகு தேர்வு எழுதி உள்ளே வந்த ஆட்களில் ஒருவன். அப்பா பண்ணையாளாக, அதாவது ஒரே மிராசுதாரிடம் கட்டுண்டு உழைப்பவராக இருந்து, அப்புறம் அன்றாடக் கூலியானவர். அதனால் உங்கள் காகிதத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பாயி சொன்னதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பண்ணையாள் குடும்பம் குடியிருந்த குடிசை மிராசுதாருடைய மண்ணில் நின்றது. கட்டியவன் இவன், கீற்று முடைந்தவள் இவள், ஆனால் மண் அவருடையது. அடியும் உண்டு. சாணிப்பாலைக் கரைத்துக் குடிக்க வைப்பது, சவுக்கால் அடிப்பது என்பதெல்லாம் மேடைப் பேச்சுக்காகச் சேர்த்தது இல்லை. 1943-ல் கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்துக்கு வந்து, தென்பரை, களப்பால் என்று ஊர் ஊராகச் சங்கம் கட்டியபோது முதலில் எடுத்த பிரச்சினையே அதுதான். கூலிகூட அதற்குப் பிறகுதான். மனுஷன் கன்னடம் பேசும் பகுதியில் பிறந்தவர், இங்கே வந்து சேரியில் படுத்து, சேரியில் சாப்பிட்டு, இந்த மண்ணிலேயே 1961-ல் செத்துப் போனார். 1948 மாயூரம் ஒப்பந்தம் வரை வந்த ஒப்பந்தங்களில் அடி நின்றது, கூலி கொஞ்சம் ஏறியது.

1952-ல் ராஜாஜி ஆட்சியில் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கு மேல் வைத்திருந்தவர்களைத்தான் அது கட்டுப்படுத்தியது. காரணம் இல்லாமல் பண்ணையாளை நீக்கக் கூடாது, கூலி இவ்வளவு என்று அதில் எழுதியிருந்தது. மிராசுதார்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பண்ணையாள் வைத்துக்கொள்வதையே படிப்படியாகக் கைகழுவினார்கள். "நாளைக்கு வா, வேலை இருந்தால் கூலி, இல்லாவிட்டால் போ." பண்ணையாளுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் கையில் இருக்கிறது, பண்ணையாள் என்று எவனும் இல்லை. எங்கள் அப்பாவும் அப்படித்தான் "விடுதலை" ஆனார்.

ஆனால் குடிசை? அது அதே மண்ணில்தான் நின்றது. சவுக்கை வைத்துவிட்டார்கள், அதன் இடத்துக்குக் குடிசை வந்தது. கூலி உயர்வு கேட்டு வேலைக்குப் போகாமல் நின்றால், வெளியூர் ஆளை இறக்குவார்கள். அதையும் மறித்தால், "என் இடத்தைக் காலி பண்ணு." நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு அறுப்பில் எங்கள் குடிசையையே பிரித்துப் போட்டார்கள். மாசக்கணக்கில் வாய்க்கால் படுகையில் கிடந்தோம். அம்மாவுக்குப் பெரிய கவலை அடுப்போ பாம்போ இல்லை, ரேஷன் கார்டு. விலாசம் இல்லாதவனுக்குக் கார்டு கிடையாதே. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது, போகட்டும்.

1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றத் தடை என்று ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் குடியிருந்தேன் என்று நிரூபிக்க வேண்டும். குடிசைக்கு ரசீது ஏது? கர்ணம் எழுதினால் உண்டு. கர்ணம் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றார்கள். வெளியாள் இறக்கியதில் தகராறு முற்றி, அன்று ராத்திரி ராமய்யாவின் குடிசைக்குள் ஒண்டியவர்களை வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்க் கொளுத்தியிருப்பார்களா என்ற அந்தத் தர்க்கத்தை எங்கள் பக்கம் இன்னும் எவரும் மறக்கவில்லை.

வெண்மணிக்குப் பிறகு விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை கமிஷன் போட்டார்கள். 1969-ல் நியாயக் கூலிச் சட்டம், 1971-ல் உங்கள் கையில் இருக்கும் சட்டம். குடியிருப்பவனை வெளியேற்றாதே என்பதோடு நிற்காமல், அந்த மனையே அவனுக்குச் சொந்தம் என்றது. இப்போது உங்கள் பெரியப்பாவும் மாமாவும் என்ன சண்டை போடுகிறார்கள் என்று புரிகிறதா? சட்டத்தில் கையெழுத்து கலைஞர் ஆட்சியுடையது, அதைப் பெரியப்பா சொல்கிறார். அந்தக் கையெழுத்து வெண்மணிக்கு முன்னால் விழவில்லை, அதை மாமா சொல்கிறார்.

என்னைக் கேட்டால், தஞ்சையில் நிலச் சீர்திருத்தம் என்று நடந்ததில் விவசாயத் தொழிலாளியின் வாழ்க்கையை மாற்றியது இந்த ஐந்து சென்ட்தான். உச்சவரம்பு இல்லை, குத்தகைச் சட்டம் இல்லை. சொந்த மனையில் நிற்கிறவன்தான் மறுநாள் கூலி பேச முடியும். வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பி வர முடியும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, "மாடு மேய்க்க ஏன் வரலை" என்று கேட்பவனுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியும்.

சரி, நிலம் ஏன் வரவில்லை? மைனர் சொன்னது பாதி. 1960 ஏப்ரலில் மசோதா வந்தது, சட்டமானது 1961-ல் (58-ஆம் எண்). ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). 1970-ல் அதை 15 ஆக்கினார்கள். ஐந்துக்கு மேல் ஒவ்வொரு தலைக்கும் கூடுதல், பெண்களுக்கு ஸ்திரீதனம் என்று தனியாக, பொது அறக்கட்டளை, கோயில், மடம் என்றால் வரம்பே இல்லை. பாகப் பிரிவினைப் பத்திரங்கள் எந்த மாதத்தில் அதிகம் பதிவாயின என்று பழைய பதிவேட்டைப் புரட்டினாலே கதை தெரியும்.

மீதிப் பாதி அடங்கலில் இருக்கிறது. எங்கள் வேலையின் உயிரே அடங்கல்தான். எந்தப் புலம், என்ன பயிர், யார் சாகுபடி என்று எழுதுவது. 1955 குத்தகைதாரர் பாதுகாப்பு, 1956 நியாயக் குத்தகை, 1969 குத்தகை உரிமைப் பதிவு எல்லாம் "சாகுபடி செய்பவர்" என்று ஒருவரைத் தேடி வந்தன. அந்த இடத்தில் பெயர் உள்ளவன் தப்பித்தான். உழுதவன், நட்டவள், களை பறித்தவள், அறுத்தவன் பெயருக்கு அடங்கலில் கட்டமே கிடையாது. இத்தனை வருஷம் அடங்கல் எழுதியிருக்கிறேன், எங்கள் அம்மா நட்ட வயலுக்கும் எழுதியிருக்கிறேன், அம்மா பெயரை எழுத ஒரு இடம் இல்லை. உங்கள் தெருவில் ஒரு மா நிலம் வராததற்கு அதுதான் அடிப்படை. குடியிருப்புச் சட்டம் ஒன்றுதான் வயலை விட்டுவிட்டு, "இங்கே படுத்திருப்பவன் யார்" என்று கேட்டது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2008-ல் நிஷா புயல் வெள்ளம். பயிர்ச் சேதப் பட்டியல் நான்தான் எழுதினேன். ஏக்கருக்கு இவ்வளவு என்று சாகுபடியாளருக்கு. வயலில் தண்ணீர் நின்றால் நடவும் இல்லை, களையும் இல்லை, அறுப்பும் இல்லை. கூலி போனவர்களுக்கு அந்தப் பட்டியலில் ஒரு பைசா கிடையாது. பக்கத்து மாவட்டத்தில் இருக்கிற நில உடைமைக்காரர் ஆள் அனுப்பிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, "எங்களுக்கு எதுவும் எழுத மாட்டீங்களா" என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத எனக்கு இஷ்டம் இல்லை.

பட்டா விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கம்ப்யூட்டரில் வரும் "வேற பேர்" யாருடையது என்று முதலில் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் வழி சொல்ல முடியும்.

இரண்டு ஏக்கர் எழுதியது:

வி.ஏ.ஓ. ஐயா சொன்னது எல்லாம் சரி. ஒரு பக்கம் விட்டுப்போகிறது. நான் கோயில் நிலத்தில் குத்தகை. இரண்டு ஏக்கர். அடங்கலில் பெயர் இருப்பவன்தான், ஆனால் மிராசுதார் இல்லை. உரம் விலை, குத்தகை நெல், மேட்டூர் எப்போது திறப்பான் என்று வானத்தையும் பேப்பரையும் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நடவுக்கு ஆள் வைத்தால் கூலி கட்டுப்படியாகவில்லை. அறுப்புக்கு மெஷின் விட்டால் "எங்க பொழப்பைக் கெடுத்துட்ட" என்கிறார்கள். இவர்கள் போராட வேண்டியது என்னோடா? பெரிய பண்ணைகள் பாதி மெட்ராஸில் உட்கார்ந்து விற்றுவிட்டுப் போய்விட்டன. வயலில் எதிரெதிராக நிற்பது இப்போது நானும் என் பக்கத்துத் தெருக்காரனும்தான். அதை யாரும் எழுத மாட்டேன் என்கிறீர்கள்.

நடவுக்காரி மகள் எழுதியது:

அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் "கூலி கட்டுப்படியாகவில்லை" என்றால் யார் கூலி என்று பிரித்துப் பேச வேண்டும். எங்கள் அம்மா நடவு ஆள். குனிந்த இடுப்பு நிமிராமல் நாள் முழுக்க நட்டாலும் ஆண் ஆளுக்குக் கொடுப்பது கிடையாது. சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது, வயலுக்கு மட்டும் வரவில்லை. 2006-ல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் முதல் கட்டத்திலேயே நூறு நாள் வேலை வந்தபோதுதான், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை என்பதை எங்கள் தெருப் பெண்கள் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அதற்கு அப்புறம்தான் நடவுக் கூலியையே பேரம் பேச ஆரம்பித்தார்கள். அண்ணனுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் நெல் விலை போதவில்லை என்று அர்த்தம். அதற்கும் எங்கள் அம்மாதான் ஈடு கொடுக்க வேண்டுமா?

செங்காந்தளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஒருத்தருக்கும் நிலம் வரவில்லை என்று இல்லை. வெண்மணிக்குப் பிறகு சர்வோதயத் தொண்டர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மாவும் அவர் கணவரும் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கி, 1981-ல் லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நாகை பக்கம் கூத்தூரில் இருந்து வேலை செய்தார்கள். விற்க முன்வந்த நிலக்காரர்களிடம் பேசி, வங்கிக் கடனில் வாங்கி, குடும்பத்துக்கு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பதிந்தார்கள். ஆண் பெயரில் போட்டால் சாராயக் கடைக்குப் போய்விடும் என்று அம்மா வெளிப்படையாகவே சொல்வார். எங்கள் சித்திக்கு அப்படித்தான் ஒரு ஏக்கர். அவர்கள் வழி சரியா, சங்கத்தின் வழி சரியா என்று அந்தக் காலத்தில் நிறையச் சண்டை. விலை கொடுத்து ஏன் வாங்க வேண்டும், உச்சவரம்பில் பிடுங்க வேண்டியதுதானே என்று தோழர்கள் கேட்பார்கள். சித்தி அதற்குள் குறுவை நட்டுவிட்டாள்.

செங்கல்பட்டுக்காரன் எழுதியது:

தஞ்சையில் குடியிருப்பு என்றால், எங்கள் பக்கம் பஞ்சமி நிலம். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையை வைத்து 1892-ல் ஆணை போட்டு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கினார்கள். முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது, அப்புறமும் அந்த மக்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. வேறு ஆள் வாங்கினால் செல்லாது. காகிதத்தில் நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது, நிலம்தான் கல்லூரி, பங்களா, மில் என்று ஆகிவிட்டது. காரணை என்ற ஊரில் அந்த நிலத்தை மீட்கப் போய், 1994-ல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று இரண்டு பேர் செத்தார்கள். அதனால் செங்காந்தள், உங்கள் சர்வே எண்ணுக்குரிய அ-பதிவேட்டையும் (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு) ஒரு தடவை பார்த்துவிடுங்கள். குறிப்பு எழுதும் கட்டத்தில் நிபந்தனை என்று இருந்தால் வேறு கதை.

பழைய வி.ஏ.ஓ. எழுதியது:

இரண்டு ஏக்கர் தம்பிக்கு. நீங்கள் சொன்னது என் மனசில் தைத்தது. நான் பணியில் இருந்தபோது கோயில் நிலக் குத்தகைக்காரர்கள் பட்ட பாடு தெரியும். ஆனால் ஒன்று யோசியுங்கள். உங்களுக்கு வெள்ள நிவாரணம் வரும்போது அடங்கல் நகல் கேட்கிறார்கள், பயிர்க் காப்பீட்டுக்கும் அதேதான் கேட்கிறார்கள், கூட்டுறவு சங்கத்தில் கடனுக்கும் அதுதான். குறைவோ அதிகமோ உங்களைப் பார்க்கும் கண் ஒன்று அரசாங்கத்துக்கு இருக்கிறது. உங்கள் வயலில் நடுகிறவர்களைப் பார்க்கும் கண் எது? 2006-ல் விவசாயத் தொழிலாளர்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் சேர்த்து நலச் சட்டம் வந்தது, பின்னால் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை என்று ஆனது. சாவு, விபத்து, கல்யாணம், பிள்ளை படிப்புக்கு உதவி கிடைக்கிறது. இரண்டரை ஏக்கர் நஞ்சைக்குள் இருப்பதால் நீங்களும் அதில் உண்டு, அவர்களும் உண்டு. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்கிற இடம் எனக்குத் தெரிந்து அந்த அட்டை ஒன்றுதான். வயல் காய்ந்த வருஷத்துக் கூலி இழப்பை அதுவும் தொடுவதில்லை.

மெஷின் பற்றி: பெல்ட் மெஷின் வந்த பிறகு அறுப்பில் நெல்லாகக் கூலி வாங்குவது போயே போய்விட்டது. அதில் நஷ்டம் பணக் கணக்கு மட்டும் இல்லை. அறுப்புக் கூலி நெல் வீட்டில் குதிரில் இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லாவிட்டாலும் உலை கொதிக்கும். நான் மெஷினை எதிர்ப்பவன் இல்லை. கதிர் தண்ணீரில் சாயும்போது ஆளைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் அதனால் போன வேலைக்கு ஒரு வழி சொல்லாமல், "ஆள் கிடைக்கவில்லை" என்று மட்டும் பேசுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

நடவுக்காரி மகளே, லாப்டியை நினைவுபடுத்தியதற்கு நன்றி. அவர்கள் வாங்கிக் கொடுத்த நிலத்துக்குப் பட்டா மாற்றம் செய்ய வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். கைநாட்டு வைக்கும்போது கை நடுங்கும். அந்த அலுவலகத்தில் அவர்களை உட்காரச் சொல்லிக்கூட ஆள் இல்லை, அது வேறு விஷயம். தோழர்களின் கேள்வியும் நியாயம்தான். ஆனால் சட்டத்தில் உபரி என்று அறிவித்த நிலத்தின் மேல் வழக்கு, தடை ஆணை, மேல்முறையீடு என்று வருஷக்கணக்கில் இழுத்ததை நான் கோப்பில் பார்த்திருக்கிறேன். காத்திருந்தவர்கள் பாதிப் பேர் செத்துப் போனார்கள். உங்கள் சித்தி நட்டது நல்லதுதான்.

செங்காந்தள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வி.ஏ.ஓ. ஐயா, அரசாங்கத்தின் நிலப் பதிவேட்டு இணையதளத்தில் அ-பதிவேடு எடுத்துப் பார்த்தேன். நிபந்தனை என்று எதுவும் இல்லை. ஆனால் அந்த சர்வே எண் முழுவதும் இன்னும் பழைய பண்ணையின் வாரிசு ஒருவர் பெயரில் இருக்கிறது. உட்பிரிவே ஆகவில்லை. தெருவில் விசாரித்தேன், கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் இதே நிலைமை. காகிதம் மூன்று நான்கு வீடுகளில்தான் பத்திரமாக இருக்கிறது. மற்றவர்களுடையது புயலில் போயிற்று, கரையான் தின்றது. அந்த வாரிசு இப்போது வந்து கேட்டால் என்ன ஆகும்? அப்பாயிக்கு இதைச் சொல்லவே பயமாக இருக்கிறது.

இன்னொன்று. பட்டாவை அண்ணன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள்.

பழைய வி.ஏ.ஓ. எழுதியது:

நினைத்தேன். 1971 ஆணைகளை வைத்து நிலத்தை அளந்து உட்பிரிவு செய்யாமல் விட்ட ஊர்கள் நிறைய. அப்புறம் 1979-லிருந்து 1987 வரை யூ.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது, கையில் இருந்த பழைய பெயரையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதுதான் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. கம்ப்யூட்டர் புதுசாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, கர்ணத்தின் கையெழுத்தைச் சுத்தமாக அச்சடித்துத் தருகிறது.

பயப்பட வேண்டாம். உரிமை சட்டப்படி உங்கள் தாத்தாவுக்கு வந்துவிட்டது, பதிவேட்டில் ஏறாததால் அது இல்லாமல் போகாது. ஆனால் சும்மாவும் இருக்கக் கூடாது. அந்த வாரிசு அந்த எண்ணை அப்படியே யாருக்காவது கிரயம் செய்து கொடுத்துவிட்டால், வாங்கியவன் பத்திரத்தோடு வந்து நிற்பான், உங்களுக்கு நீதிமன்றம்தான் வழி. முதலில் வில்லங்கச் சான்று போட்டு, அந்த எண்ணில் சமீபத்தில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

தனியாகப் போகாதீர்கள். காகிதம் உள்ள வீடுகள் முன்னால் நிற்க, தெருவே சேர்ந்து மனு கொடுங்கள். குடியிருப்புச் சட்டத்தின் கீழ் வழங்கிய ஆணையின்படி உட்பிரிவு செய்து பெயர் ஏற்ற வேண்டும், யூ.டி.ஆர். பிழையைத் திருத்த வேண்டும் என்று கேட்க வேண்டும். இதில் தாசில்தார் கையை விரித்தால் கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் மட்டத்துக்குப் போக வேண்டும். காகிதம் இல்லாத வீடுகளுக்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தக் கிராமத்துக் குடியிருப்பு ஆணைகளின் பட்டியல், பதிவேட்டு நகல் கேளுங்கள். "கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் பத்திரமாக வையுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு எடுத்த தேதி, பழைய வாக்காளர் பட்டியல் எல்லாம் துணை ஆதாரம். உங்கள் மாமா சங்கத்துக்காரர் என்றீர்களே, அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தாலுகா அலுவலகத்தில் ஒருத்தராகப் போனால் ஒரு மரியாதை, இருபது பேராகப் போனால் வேறு மரியாதை. உள்ளே உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன்.

அண்ணன் பெயர் விஷயம்: தாத்தா பெயரில் இருப்பதை நேரே பேரனுக்கு மாற்ற முடியாது. முதலில் தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. அதில் அப்பாயி முதல் ஆள். அப்பா, பெரியப்பா, அத்தைகள் இருந்தால் அவர்களும் சம பங்குக்காரர்கள். அத்தைகளுக்கு சீர் செய்தாகிவிட்டது என்று யாராவது ஆரம்பிப்பார்கள், சட்டத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. என் யோசனை, இப்போதைக்கு எல்லார் சம்மதத்தோடும் அப்பாயி பெயரில் பட்டா வாங்கிவிடுங்கள். நட்டுக் களைத்த கைக்கு ஒரு பட்டா இருக்கட்டும். அதன் பிறகு பாகம் பிரிப்பது உங்கள் வீட்டுப் பிரச்சினை.

வேலையெல்லாம் முடிகிறவரை பழைய வீட்டை மட்டும் இடிக்காதீர்கள். இருக்கிற சுவரோடு ஒரு போட்டோ எடுத்து மனுவில் சேருங்கள். அளக்க வரும் சர்வேயர், காலி மனையாக இருந்தால் முதலில் கேட்பது "இங்கே யாரும் குடியிருந்தாங்களா" என்றுதான்.